காப்புக் கட்டும் முன்னே

தம்பி,

முதலில் உட்கார். உன் பழக்கம் எனக்குத் தெரியாதா? ஒரு கையில் போனும் மறு கையில் காபியுமாக நின்றுகொண்டே படிப்பாய், பாதியில் "அப்பறம் பாக்கலாம்" என்று வைத்துவிடுவாய். இது அப்படி வைக்கிற சமாசாரம் இல்லை. இன்றைக்கு நம் வளவில் நடந்த கூத்தை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். உன் அப்பாவிடம் சொல்லலாம் என்றால் அவரே அந்தக் கூத்தில் ஓர் ஆள். அதனால்தான் கோழிப்பண்ணையில் சாயங்கால முட்டை எடுத்து முடித்த கையோடு, காலைக் கூடச் சரியாகக் கழுவாமல் பேனாவைப் பிடித்துவிட்டேன். போனில் சொன்னால் நீ "ம்… ம்…" என்று ஒப்பேற்றுவாய். எழுதினால் ம் போட முடியாதல்லவா! எழுதி முடித்ததும் மருந்துக்கடை செந்திலிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பச் சொல்லப் போகிறேன்.

விஷயம் இதுதான். நம் வளவில் இருக்கிற அத்தனை வீட்டிலிருந்தும் தேங்கிக் கிடந்த மாத்திரை, டானிக், களிம்பு, காதுக்கு விடும் சொட்டு மருந்து, எல்லாம் வெளியே வந்துவிட்டது! செந்தில் கடையில் வைத்திருந்த பூட்டுப் போட்ட பெட்டி நிரம்பி, அது போதாமல் முட்டை அடுக்கும் அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து அதிலும் நிரப்பி, மத்தியானம் ஆஸ்பத்திரி வண்டி வந்து அள்ளிக்கொண்டு போயிற்று. நாளைக்குக் காப்புக் கட்டு, நாளை மறுநாள் பொங்கல். என் பேரன் கவின் இப்போது இங்கே வந்து எந்த வீட்டுக் கட்டிலுக்கு அடியில் புகுந்தாலும் அவன் கைக்கு ஒரு மாத்திரை அகப்படாது. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன், நிறுத்தலாம். ஆனால் உன் அம்மா நிறுத்துகிற ஆளா?

ஆடிப் பதினெட்டுக்கு நீங்கள் வந்திருந்தபோது நடந்ததை அதற்குப் பிறகு நாம் யாருமே வாய்விட்டுப் பேசவில்லை. கவினுக்கு அப்போது முன்னால் நாலே பல். தவழ்ந்து போய் அப்பாவின் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து வாயில் வைத்து, கரும்பு கடிப்பதுபோல் கடித்துக்கொண்டிருந்தான். நிவேதா பார்த்த நொடியில் பாய்ந்து விரலை விட்டு வெளியே இழுத்தாள். மாத்திரை ஒன்றும் குறையவில்லை, அட்டையில் பல் தடம்தான் இருந்தது. இருந்தாலும் நாமக்கல்லுக்குக் காரை விரட்டினோம். டாக்டர் பிள்ளையைப் பொழுது சாயும்வரை வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பினார். அந்த நேரம் முழுக்க நான் எத்தனை சாமிக்கு நேர்ந்தேன் என்று எனக்கே கணக்குத் தெரியாது. இன்னும் பாதி நேர்த்தி பாக்கி.

நிவேதா எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. மறுநாள் காலையில் காரில் ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. இவன் கொஞ்சம் வெவரம் தெரியற வரைக்கும் நாங்க அங்கயே இருந்துக்கறோம். நீங்க வாங்க" என்றாள். அவ்வளவுதான். தீபாவளிக்கு நீ போன் செய்து லீவு கிடைக்கவில்லை என்றாய். தம்பி, உனக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலும் வந்ததில்லை, குரல் உடனே கீச்சென்று ஆகிவிடும். அன்றைக்கும் ஆயிற்று.

இதில் உனக்கு ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் பெண்டாட்டி பயப்படுகிறாள் என்றால் "அவ பயப்படறாம்மா" என்று நேராகச் சொல். நடுவில் நின்று லீவு, டிராபிக், மீட்டிங் என்று பூசி மெழுகாதே. அவள் பயந்தது நியாயம். நானாக இருந்தால் அன்றைக்கே கத்திக் கூப்பாடு போட்டு ஊரைக் கூட்டியிருப்பேன். உண்மையைச் சொல்லியிருந்தால் தீபாவளிக்கே நான் வேலையை ஆரம்பித்திருப்பேன். நீ லீவு என்று சொன்னதால், நான் உன் கம்பெனிக்காரனைத் திட்டுவதா, என்னையே திட்டிக்கொள்வதா என்று தெரியாமல் ஒரு வாரம் சுற்றினேன். தீபாவளி முறுக்கு அப்படியே டப்பாவில் கிடந்து காறிப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் வீட்டைக் கவிழ்த்துப் போட்டேன். அடேயப்பா! டிவி மேலே, சாமி படத்துக்குப் பின்னால், பழைய கல்யாணப் பையில், தையல் மிஷின் டிராயரில், எங்கே கை வைத்தாலும் மாத்திரை. உனக்கு அம்மை போட்டபோது வாங்கிய களிம்பு இருந்தது. அப்பாவுக்குக் கால் முறிந்தபோது கொடுத்த வலி மாத்திரை பாதி அட்டை, எனக்கு எதற்கு என்றே நினைவில்லாத பச்சை மாத்திரை. ஒவ்வொன்றையும் 'இருக்கட்டும், எதுக்காச்சும் ஆகும்' என்று வைத்தது நான்தான். பெயர்கூடத் தெரியாத மாத்திரை எதற்கு ஆகும்? எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி, பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, இனி என் பேரன் வரலாம் என்று நிமிர்ந்தேன்.

நிமிர்ந்த மறுநாளே கருவேப்பிலைக்குப் பக்கத்து வீட்டுப் பாவாயி அக்காவிடம் போனேன். அக்கா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, பிஸ்கட் டப்பாவைத் திறந்து வைத்து, அதிலிருந்து ஒரு மாத்திரையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டிருந்தது. டப்பா நிறைய அட்டைகள். மூடி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம் கவின் என்றைக்கு நம் வீட்டில் இருந்தான்? காரை விட்டு இறங்கியதும் பாவாயி அக்கா இடுப்பில், அங்கிருந்து சரோஜா இடுப்பில், அங்கிருந்து எதிர்வீட்டுத் தொட்டிலில். பசித்தால் மட்டும் நம் வீட்டுக்குத் திரும்பி வருவான். இந்த வளவில் பிள்ளைக்கு ஒரு வீடு கிடையாது, எல்லா வீடும் அவன் வீடுதான். அப்படியானால் என் ஒரு வீட்டைத் துடைத்து என்ன புண்ணியம்?

சரி, எல்லா வீட்டிலும் எடுக்க வைக்கலாம். எடுத்து எங்கே போடுவது? பாவாயி அக்காவிடமே கேட்டேன். "இதென்ன பெரிய கம்பசூத்திரமா? பொடி பண்ணிக் கோழித் தண்ணியில கலந்துரு. மனுசனுக்கு ஆவறது கோழிக்கு ஆவாதா? காசு போட்டு வாங்குனது வீணாப் போவாதுல்ல" என்றது. நம் பக்கத்தில் பாதிப்பேருக்கு இந்த எண்ணம் இருக்கிறது, தம்பி. நான் கத்தினேன்: "அக்கா, கோழிக்குப் போட்டா அது முட்டைக்கு வராதுங்களா? அந்த முட்டைய நாளைக்கு ஆரு திங்கறது? எம் பேரந்தானே!" கோழிக்கு மருந்து கொடுத்தால் இத்தனை நாளைக்கு முட்டையை விற்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போவது நமக்குத் தெரியாததா! அக்கா மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. கருவேப்பிலையும் கிடைக்கவில்லை.

வழி கிடைத்தது அப்பாவின் பிரஷர் பரிசோதனைக்கு நாமக்கல் போன அன்று. ஆஸ்பத்திரி வாசலில் சிவப்பாக ஒரு பெட்டி, தபால் பெட்டி மாதிரி வாய் வைத்து, 'வேண்டாத மருந்துகளை இங்கே போடவும்' என்று எழுதியிருந்தது. அங்கே இருந்த நர்ஸைப் பிடித்துக்கொண்டேன். சாக்கடையில் ஊற்றினால் தண்ணீருக்குப் போகும், குப்பையில் போட்டால் பிள்ளையும் நாயும் எடுக்கும், அடுப்பில் போட்டால் புகை நம் மூச்சுக்குப் போகும். இங்கே போட்டால் ஆஸ்பத்திரிக் கழிவோடு தனியாக எரிக்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று அந்தப் பெண் சொன்னாள். "அம்மிணி, எங்க ஊருக்கு ஒரு பொட்டி குடுப்பீங்களா?" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மேனேஜர் அறைக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா வெளியே நின்று "வா போலாம், வா போலாம்" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தார். யார் பார்த்தது! பூட்டுச் சாவி ஆஸ்பத்திரியிடம் இருக்க வேண்டும், பெட்டி மருந்துக்கடையில் ஒருவர் கண்பார்வையில் இருக்க வேண்டும், ஊசி போடக் கூடாது என்று மூன்று கண்டிஷனோடு பெட்டியை வாங்கிக்கொண்டுதான் எழுந்தேன். செந்தில் தன் கடையில் வைக்கச் சம்மதித்தான். நம் மகளிர் குழுவில் எல்லாரும் கை தட்டினார்கள்.

கை தட்டியது சரி. ஒருத்தியாவது மாத்திரை கொண்டுவந்தாளா? வண்டி வெள்ளிக்கிழமை வரும் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை காலையிலேயே நான் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்து மணி, பன்னிரண்டு மணி, ஈ காக்கை இல்லை. கடைசியில் சரோஜா வந்தாள், வெறும் கையோடு. "ஏனுங்க்கா, வெள்ளிக்கெழமை அதுவுமா ஊட்டுப் பொருள வெளிய குடுப்பாங்களா? லச்சுமி போயிருவாங்கல்ல?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நானே வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுக்கு உறை மோர்கூடக் கொடுக்க மாட்டேன். எனக்கு இது தோன்றவில்லை பார்! வண்டி வந்தது. பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே என் பை ஒன்றுதான், அதோடு யாரோ போட்ட நிலக்கடலைத் தோல். டிரைவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். செந்தில், "பொங்கலுக்குள்ள சேரலைன்னா பொட்டியத் திருப்பி எடுத்துக்கறோம்னு ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்கக்கா" என்றான்.

வண்டியைப் புதன்கிழமைக்கு மாற்றினேன். அப்புறமும் நகரவில்லை. "தேதி இன்னும் முடியலையே", "இது நல்ல கம்பெனி மாத்திரை", "அடுத்த காச்சலுக்கு ஆகும்" என்று ஆளுக்கொரு பேச்சு. ஒரு அட்டை மாத்திரையைக் கொடுக்கச் சொன்னால் ஏதோ காட்டை என் பேருக்கு எழுதிக் கேட்ட மாதிரி முழிக்கிறார்கள். முந்தாநாள் குழுக் கூட்டத்தில் பாவாயி அக்கா எல்லார் முன்னாலும், "உம் பேரனுக்காக ஊரே மருந்தக் கொட்டோணுமா?" என்று கேட்டுவிட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "ஆமாக்கா, எம் பேரனுக்காகத்தான்! அவன் ஆடிக்குப் போனவன், இன்னும் இந்த வாசல மிதிக்கல. நாளைக்கு உங்க பேத்தி வருவா, சரோஜா பேரன் வருவான். போன வருசத்து நோவையெல்லாம் டப்பாவுல போட்டு ஊட்டுக்குள்ள பூட்டி வெச்சுக்கிட்டு, வாசல்ல மட்டும் காப்புக் கட்டுனா ஆருக்குக் காப்பு? நோவு உள்ளதானே இருக்குது!" என்று கத்திவிட்டு, செருப்பைக்கூட மாற்றி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கோபத்தில் வந்த பேச்சுதான், தம்பி, யோசித்துச் சொன்னதில்லை. ஆனால் காப்பு என்றால் நம் ஆட்களுக்கு விளையாட்டா? வேப்பிலையும் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்துக் கட்டி, வாசல், தொழுவம், பண்ணை, காடு என்று ஓர் இடம் விடாமல் சொருகுகிறோமே, எதற்கு? வருகிற வருசம் ஒரு நோய் நொடி உள்ளே வரக் கூடாது என்றுதானே. நேற்று எல்லா வீட்டிலும் பொங்கலுக்கு ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானம் சரோஜா ஒரு முறத்தில் மாத்திரைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். "அக்கா, நீங்க சொன்னதுலருந்து எனக்கு ஒறக்கமே இல்ல. இத வெச்சுக்கிட்டுக் காப்புக் கட்ட மனசே வரல" என்றாள். அவளைப் பார்த்து எதிர்வீடு. எதிர்வீட்டைப் பார்த்து மேற்கால வளவு. இன்று காலையில் செந்தில் கடை முன்னால் வரிசையே நின்றது, தம்பி, வரிசை! ரேஷன் கடையில்கூட அப்படிப் பொறுமையாக நிற்க மாட்டார்கள்.

நான் ஒரு பக்கம், செந்தில் ஒரு பக்கம். டானிக் பாட்டிலா, மூடியை இறுக்கு. மாத்திரையா, அட்டையோடு போடு, பிய்க்காதே. பெயர் எழுதின சீட்டைக் கிழித்துவிடு. ஊசியா, அதைப் போடாதே, கெட்டி டப்பாவில் வைத்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. தொண்டை கட்டிப்போயிற்று எனக்கு. நடுவில் மாரப்பண்ணன் ஒரு பை நிறையக் கொண்டுவந்து சத்தமில்லாமல் பெட்டி வாயில் திணிக்கிறார். செந்தில் எடுத்துப் பார்த்தால் போன வாரம்தான் அவனிடம் வாங்கிய சர்க்கரை மாத்திரை! "அண்ணா, இது நீங்க தெனமும் திங்கறதுங்க!" என்றான். "போதும்பா, எத்தன வருசந்தான் திங்கறது? அதான் காப்புக் கட்டறமல்ல, நோவு போயிரும்" என்கிறார் அவர். சரோஜா அவர் சம்சாரம்தானே, பின்னாலேயே வந்துவிட்டாள். "திங்கறதத் திங்கோணும், மீந்ததத்தான் போடோணும்! வாங்க ஊட்டுக்கு" என்று பையைப் பிடுங்கிக்கொண்டு அவரையும் இழுத்துக்கொண்டு போனாள். வரிசையே சிரித்துச் சிரித்து மாய்ந்தது. பாவாயி அக்கா? வந்தது. பிஸ்கட் டப்பாவை அப்படியே என் மடியில் வைத்து, "டப்பாவ மட்டும் திருப்பிக் குடுத்துரு" என்றது. கருவேப்பிலையும் ஒரு கொத்து கொண்டுவந்திருந்தது.

வண்டி கிளம்புகிற நேரத்தில் உன் அப்பா வந்தார். அவர் காலையிலிருந்து பண்ணையை விட்டு நகரவே இல்லை. வரிசைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வந்தவர் டிரைவரிடம் "ஒரு நிமிசம் நில்லுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுச் சட்டைப் பையில் கை விட்டார். ஆடியிலிருந்து அவர் சட்டையைத் துவைக்கப் போடும்போது பையை அவரே காலி செய்துவிட்டுத்தான் கொடுப்பார். என்னைத் தொட விட மாட்டார். பணம் கிணம் வைத்திருக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன். வெளியே எடுத்தது அந்த மாத்திரை அட்டை. கவின் கடித்தது. நாலு பல் தடமும் அப்படியே இருந்தது.

"இத எதுக்குங்க வெச்சிருந்தீங்க?" என்றேன். "மறந்துருவேன்னு பயமா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆடியிலிருந்து அந்த மனுசன் பிரஷர் மாத்திரையை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டு திரிவதைப் பார்த்து நான் கேலி செய்திருக்கிறேன். உள்ளே இதைச் சுமந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது, தம்பி. நான் ஊரெல்லாம் கத்திச் சொன்னேன், அவர் ஒரு வார்த்தை பேசாமல் பையில் வைத்திருந்தார். உனக்கும் அவர் குணம்தான். அதனால்தான் சொல்கிறேன், மனசில் இருப்பதைப் பெண்டாட்டியிடம் சொல்லிவிடு. பையில் வைத்துக்கொண்டு திரியாதே.

பெட்டியில் போடும்போது செந்திலைக் கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொன்னார். எடுத்து நிவேதாவுக்கு அனுப்பச் சொன்னார். மருமகளிடம் "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் பேசியறியாத மனுசன், குரல் பதிந்து அனுப்பப் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏதோ மைக்கில் பேசுகிற மாதிரி, "அம்மிணி, மாமா பேசறேன். அந்த அட்டையப் போட்டுட்டேன். நம்ம ஊட்டுல மட்டுமில்ல, எங்கயும் இல்ல. பயப்படாத வா சாமி" என்றார். சொல்லிவிட்டு உடனே பண்ணைக்குத் திரும்பிப் போய்விட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனார், நான் பார்த்தேன்.

இதையெல்லாம் எழுதி, கடைசியில் உன்னைக் கெஞ்சலாம் என்றிருந்தேன். நாளைக்கு இல்லாவிட்டால் கரி நாளுக்காவது கூட்டி வா, அதுவும் முடியாவிட்டால் தைப்பூசத்துக்கு, நிவேதாவை வற்புறுத்தாதே, பக்குவமாகக் கேள் என்று அடுத்த பத்தி முழுக்க மனசுக்குள் தயாராக வைத்திருந்தேன். அதற்குள் போன் அடித்தது. நீ இல்லை. நிவேதா.

"அத்தை, பூளைப்பூ பறிச்சுட்டீங்களா?"

"இன்னும் இல்ல அம்மிணி. காத்தால போய்ப் பறிக்கோணும். ஏங்கண்ணு?"

"பறிக்காதீங்க. நாங்க வர்ற வழியில, தொப்பூர் தாண்டுனா ரோட்டோரம் நெறையாக் கெடக்கும், பறிச்சுட்டு வாரோம். நாங்க வந்த பொறவு கட்டுனாப் போதும். மாமா தூக்கிப் புடிக்கட்டும், கவின் சொருகட்டும்."

எனக்கு அப்புறம் என்ன பேசினேன் என்றே தெரியவில்லை, தம்பி. பின்னால் கவின் எதையோ போட்டு உடைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆகா, அந்தச் சத்தம்! இனி இந்தக் கடிதத்தைச் செந்திலிடம் கொண்டுபோகப் போவதில்லை. நீ வந்து என் கையிலிருந்தே வாங்கிப் படி, உட்கார்ந்து படி. காரை மெதுவாக ஓட்டி வா. உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "அப்படியா" என்று மட்டும்தான் கேட்டார். இப்போது டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துத் தேடிக்கொண்டிருக்கிறார். ஏற்கெனவே நாலு தடவை பார்த்த இடம்தான். கூப்பிட்டால், "இரு புள்ள, இன்னொருக்காப் பாத்துட்டு வாரேன்" என்கிறார்.

அம்மா